பக்கத்து அறையில் ஆளே இல்லை, எங்கள் அறைக்கு மட்டும் மதில் வரை வரிசை

2024 ஏப்ரல் 19, மக்களவைத் தேர்தல், தென் சென்னை தொகுதி. இடம், வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு பள்ளிக்கூடம். வரிசையில் நின்றது ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. உள்ளே போய்ப் பேர் பார்த்து, மை வைத்து, பட்டனை அழுத்தி வெளியே வந்தது மூன்று நிமிடத்துக்குள். இந்த ஒன்றரை மணி நேரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றித்தான் இந்த விமர்சனம். அடுத்த தேர்தலுக்கு முன்னால் எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் ஓட்டுப்பதிவு முடிந்த ராத்திரியே யார் ஜெயிப்பார்கள் என்ற பேச்சு ஆரம்பித்துவிடுகிறது, வெயிலில் நின்றவர்களைப் பற்றி அதற்கப்புறம் யாரும் பேசுவதில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உள்ளே உட்கார்ந்திருந்த அலுவலர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பெரும்பாலும் ஆசிரியர்கள், மற்ற அரசு ஊழியர்கள். முந்தின நாளே மெஷினோடு வந்து அந்த வகுப்பறையிலேயே படுத்து எழுந்து, விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கட்சி ஏஜென்ட்கள் முன்னால் மாதிரி ஓட்டுப்பதிவு நடத்துகிறார்கள். குறைந்தது 50 ஓட்டு போட்டுக் காட்டி, எண்ணிக் காட்டி, அதை அழித்து, சீல் வைத்து, சரியாக ஏழு மணிக்குக் கதவைத் திறக்க வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்குப் பதிவு முடிந்தாலும் எத்தனை ஓட்டு பதிவானது என்ற கணக்கை 17சி படிவத்தில் எழுதி ஏஜென்ட்களுக்கு நகல் கொடுத்து மெஷினை ஒப்படைத்துவிட்டு வீடு திரும்ப நடுராத்திரி தாண்டிவிடும். இவ்வளவுக்கும் நடுவில் எங்கள் பூத்தில் ஒருவர்கூட யாரிடமும் எரிந்து விழவில்லை. எந்தச் சின்னம் எங்கே இருக்கிறது என்று தடுமாறிய ஒரு பாட்டிக்கு, வாசலில் ஒட்டியிருந்த மாதிரித் தாளைக் காட்டி ஒரு அம்மா பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பொறுமைக்கு முழு மதிப்பெண்.

சரி, வரிசைக்கு வருகிறேன். அந்தப் பள்ளியில் நான்கு அறைகள், நான்கு பூத்கள். ஏழரைக்கு நாங்கள் போனபோது எங்கள் பூத்துக்கான வரிசை வராந்தாவைத் தாண்டி, மைதானத்தைச் சுற்றி, மதில் ஓரமாக வளைந்து நின்றது. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம். பக்கத்து அறையில் நாலு பேர். அதற்கும் அடுத்த அறையில் அலுவலர்கள் ஆள் வருவார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மிகை இல்லை, அப்படித்தான் இருந்தது. ஒரே கட்டடம், ஒரே தொகுதி, உள்ளே ஒரே வேட்பாளர்கள், ஒரே மாதிரி மெஷின். ஒரு அறையில் வந்தவுடன் ஓட்டு, இன்னொன்றில் ஒன்றரை மணி நேரம்.

எனக்கு முன்னால் நின்ற பெரியவர் பாதுகாப்புக்கு நின்ற காவலரிடம் கேட்டே விட்டார். "சார், அந்த ரூமு காலியாத்தானே கெடக்கு, நாங்க கொஞ்சம் பேரு அங்க போடக் கூடாதா?"

"அது வேற பாகம் ஐயா. உங்க பேரு அந்த லிஸ்டுல இருக்காது, விட மாட்டாங்க."

அவர் சொன்னது சரிதான். வாக்காளர் பட்டியல் பாகம் பாகமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, ஒரு பாகத்துக்கு ஒரு சாவடி. உங்கள் பேர் இருக்கிற பட்டியலின் பிரதி அந்த ஒரு அறையில்தான் இருக்கும், அங்கே மட்டும்தான் உங்கள் பேருக்கு எதிரே குறி போட முடியும். ஒருவரே இரண்டு இடத்தில் போடாமல் தடுக்க இந்த ஏற்பாடு வேண்டும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நீங்கள் எவ்வளவு நேரம் நிற்கப் போகிறீர்கள் என்பது ஊரில் எவ்வளவு பேர் ஓட்டுப் போட வருகிறார்கள் என்பதைவிட, உங்கள் தெருவை எந்தப் பாகத்தில் சேர்த்தார்கள் என்பதைப் பொறுத்தது. இதை அந்த மைதானத்தில் நின்றபோதுதான் கண்ணால் பார்த்தேன், பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

எங்கள் பாகத்துக்கு ஏன் இவ்வளவு கூட்டம் என்று வரிசையில் நின்றவர்களே கணக்குப் போட்டுச் சொன்னார்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தப் பாகத்தில் தனி வீடுகள்தான். இப்போது அதே தெருக்களில் வரிசையாக அடுக்குமாடிகள். ஒரு வீட்டில் ஆறு ஓட்டு இருந்த மனையில் இப்போது முப்பது, நாற்பது ஓட்டு. பக்கத்துப் பாகம் அப்படி இல்லை. அங்கே வாடகைக்கு இருந்த பல குடும்பங்கள் ஊரை விட்டோ ஏரியாவை விட்டோ போய்விட்டன, பட்டியலில் மட்டும் பேர் அப்படியே நிற்கிறது. காகிதத்தில் பார்த்தால் இரண்டு பாகத்திலும் ஏறத்தாழ ஆயிரத்துச் சொச்சம் பேர், சமமாகப் பிரித்த மாதிரி தெரியும். நேரில் வருகிற ஆட்களைப் பார்த்தால் ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு. பட்டியலைச் சரியாக வைத்திருக்காவிட்டால் கள்ள ஓட்டு வரும் என்று எல்லோரும் சொல்கிறோம். வரிசையும் அதே காரணத்தால் நீளுகிறது என்பதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

உள்ளே நடப்பதையும் கவனித்துப் பார்த்தேன், வாசல் அருகே வந்த பிறகு கதவு வழியாக நன்றாகத் தெரிந்தது. முதல் அலுவலர் உங்கள் பேரையும் வரிசை எண்ணையும் பட்டியலில் பார்த்து, ஏஜென்ட்களுக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்கிறார். இரண்டாவது அலுவலர் 17ஏ பதிவேட்டில் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி, இடது ஆள்காட்டி விரலில் மை வைத்து, ஒரு சின்னச் சீட்டு தருகிறார். மூன்றாவது அலுவலர் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு கட்டுப்பாட்டுக் கருவியில் பட்டனை அழுத்தினால்தான் மறைவுக்குள் இருக்கிற மெஷின் ஓட்டுக்குத் தயாராகும். நீங்கள் போய் அழுத்துகிறீர்கள், யாருக்குப் போட்டீர்கள் என்று அச்சிட்டுக் காட்டுகிற விவிபேட் கருவியின் கண்ணாடிக்குள் ஏழு விநாடி சீட்டு தெரிகிறது, பீப் சத்தம் வருகிறது, அடுத்தவர் போகலாம்.

இதில் எங்கே தேங்குகிறது? எல்லோரும் மெஷினைத்தான் திட்டுகிறார்கள். எங்கள் பூத்தில் தேங்கியது இரண்டாவது மேசையில். எழுதுவது, அடையாள அட்டை எது என்று குறிப்பது, கையெழுத்து, மை, சீட்டு, அத்தனையும் ஒரே ஆள். மை வைத்த விரலோடு பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போடச் சொன்னால் பதிவேடு முழுக்க மையாகும் என்று கையெழுத்தை முதலில் வாங்குகிறார், அதற்குள் ஒருவர் கண்ணாடியைத் தேடுகிறார், ஒருவர் எங்கே போடணும் என்று கேட்கிறார். மூன்றாவது அலுவலர் பல நேரம் சும்மா காத்திருந்தார். அங்கே இன்னொரு ஆள் உட்கார்ந்து மையை மட்டும் வைத்திருந்தால் எங்கள் வரிசை கண்ணுக்குத் தெரிந்து குறைந்திருக்கும். ஒரு ஆள், ஒரு நாற்காலி, அவ்வளவுதான் செலவு.

முதல் மேசையிலும் ஒரு தேக்கம் உண்டு. பூத் சிலிப் இல்லாமல் வாக்காளர் அட்டையை மட்டும் நீட்டுகிறவர்களின் பேரைத் தேட வேண்டியிருக்கிறது. பட்டியல் அகர வரிசையில் இருக்காது, தெருவாரியாக, வீட்டு எண் வாரியாக இருக்கும், அதற்கப்புறம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் துணைப்பட்டியல் தனியாகக் கடைசியில். சிலிப்பில் இருக்கிற பாகம் எண்ணும் வரிசை எண்ணும் தெரிந்தால் பத்து விநாடி வேலை. தெரியாவிட்டால் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு சிலிப் வந்து சேரவே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு 2025இல் தேர்தல் ஆணையம் சிலிப்பின் வடிவத்தை மாற்றி, பாகம் எண்ணும் வரிசை எண்ணும் பெரிதாகத் தெரிகிற மாதிரி அச்சிடப்போவதாக அறிவித்தது. நல்ல மாற்றம்தான், சிலிப் கைக்கு வந்து சேர்ந்தால்.

மறைவுக்குள் ஆகிற நேரத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு வாக்குப்பதிவு மெஷினில் 16 பட்டன். தென் சென்னையில் அந்த முறை 41 வேட்பாளர்கள், நோட்டாவோடு 42, ஆக மூன்று மெஷின்கள் பக்கத்தில் பக்கத்தில். கரூரில் 54 பேர், அங்கே நான்கு. 2019இல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் விவசாயிகள் கூட்டமாக மனு தாக்கல் செய்து 185 வேட்பாளர்கள் நின்றார்கள், அங்கே 12 மெஷின்களை வைத்தார்கள். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் முதலில் வருவதால் பெரும்பாலோருக்கு வேண்டிய சின்னம் முதல் மெஷினிலேயே கிடைத்துவிடும். ஆனாலும் பார்வை மங்கலான ஒருவர் மூன்று மெஷினையும் மேலிருந்து கீழே பார்த்து முடிக்க அரை நிமிடமாவது ஆகும், அவரை அவசரப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. காலை ஏழு முதல் மாலை ஆறு வரை 11 மணி நேரம், 660 நிமிடம். ஒருவருக்கு ஒரு நிமிடம் என்றால் இடைவெளியே இல்லாமல், மெஷின் நிற்காமல், யாரும் சாப்பிடாமல் 660 பேர் போடலாம். ஒன்றரை நிமிடம் ஆனால் 440 பேர்தான். 2024இல் ஒரு சாவடிக்கு 1500 பேர் வரை வைக்கலாம் என்பது விதி. 1500 பேர் உள்ள சாவடிக்கு எழுபது சதவீதம் பேர் வந்துவிட்டால் 1050 பேர், தலைக்கு 38 விநாடி கூடக் கிடைக்காது. அதாவது எல்லோரும் ஓட்டுப் போடுங்கள் என்று விளம்பரம் செய்கிறோம், எல்லோரும் வந்துவிட்டால் நேரம் போதாத மாதிரி அறையைக் கட்டி வைத்திருக்கிறோம். இந்த 1500 என்ற வரம்பை எதிர்த்து 2024 கடைசியில் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. 2025இல் ஆணையமே வரம்பை 1200 ஆகக் குறைத்தது. அந்த வருடம் பீகார் தேர்தலில் அதை அமல்படுத்தியபோது அங்கே 77 ஆயிரம் சொச்சமாக இருந்த சாவடிகள் 90 ஆயிரத்தைத் தாண்டின. மனசார வரவேற்கிறேன். ஆனால் 1200 பேரில் எழுபது சதவீதம் என்றாலும் 840 பேர், தலைக்கு 47 விநாடி, நம் அறையில் அந்த வேகம் நடக்கவில்லை.

இது என் பூத்தின் கதை மட்டும்தானா என்று பார்க்க அன்றைய மாநில நிலவரத்தை எடுத்துப் பார்த்தேன். தமிழ்நாடு முழுக்க 9 மணிக்கு 12.55 சதவீதம், 1 மணிக்கு 40.05, 3 மணிக்கு 51.41, 5 மணிக்கு 63.20. கடைசியில் 69.72. மாநிலத்தில் 6.23 கோடி வாக்காளர்கள், 68 ஆயிரத்துக்கும் மேல் சாவடிகள், சராசரியாக ஒரு சாவடிக்கு 900 பேர் சொச்சம். முதல் இரண்டு மணி நேரத்தில் 12.55 சதவீதம் என்றால் ஒரு சாவடியில் சுமார் 114 பேர், 120 நிமிடத்தில். கிராமத்துச் சின்னச் சாவடிகளையும் சேர்த்த சராசரியே ஒரு நிமிடத்துக்கு ஒரு ஆளை நெருங்கிவிடுகிறது. பெரிய சாவடிகளில் காலையிலேயே குழாய் முழுசாகத் திறந்துதான் இருக்கிறது, அதற்கு மேல் தண்ணீர் வராது. பின்னால் எத்தனை பேர் வந்து நின்றாலும் வரிசைதான் நீளும்.

2021 சட்டமன்றத் தேர்தல் ஞாபகம் இருக்கிறதா? கொரோனா காலம், ஏப்ரல் 6. கையில் பிளாஸ்டிக் உறை மாட்டி, நெற்றியில் சூடு பார்த்து உள்ளே விட்டார்கள். அந்த முறை ஒரு சாவடிக்கு 1000 பேருக்கு மேல் கூடாது என்று வைத்தார்கள், தமிழ்நாட்டில் சாவடிகள் 88,937 ஆயின, நேரமும் மாலை ஏழு வரை ஒரு மணி கூட்டினார்கள். எங்கள் தெருவுக்கே தனி அறை கிடைத்தது. கையுறை, வெப்பமானி என்று கூடுதலாக இரண்டு வேலை இருந்தும் கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம். மூன்று வருடம் கழித்து அதே பள்ளிக்கூடத்தில், அதே மக்களுக்கு, அறைகளைக் குறைத்துவிட்டு ஒன்றரை மணி நேரம். செய்ய முடிந்த ஒன்று என்பது அந்த 2021இல் தெரிந்துவிட்டது, அதனால்தான் எனக்கு இவ்வளவு வருத்தம்.

யார் இந்த நேரத்தைத் தாங்குகிறார்கள் என்பதையும் பாருங்கள். மாதச் சம்பளக்காரருக்கு அன்று சம்பளத்தோடு விடுமுறை, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்திலேயே இருக்கிறது, 135பி பிரிவு. நின்றால் கால் வலி, அதோடு சரி. பெண்கள் வரிசையில் என் மனைவிக்கு முன்னால் நின்றவர் பூ விற்கிற அக்கா. காலையில் கோயம்பேட்டிலிருந்து வாங்கி வந்த பூவைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். ஒரு மணி நேரம் நின்றார். அப்புறம், "பூவு வாடிப் போச்சுன்னா இன்னிக்கு யாவாரமே போச்சும்மா, சாயங்காலமா வந்துக்குறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். சாயங்காலம் வந்தாரா தெரியாது. அவருக்கு யார் சம்பளத்தோடு விடுமுறை தருவது? வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், சர்க்கரை வியாதிக்கு நேரத்துக்குச் சாப்பிட வேண்டியவர்கள், இவர்கள்தான் வரிசையைப் பார்த்துவிட்டு முதலில் திரும்பிப் போகிறவர்கள். தென் சென்னையில் அன்று 54.17 சதவீதம், மத்திய சென்னையில் 53.96, தர்மபுரியில் 81.20. உடனே சென்னைக்காரன் சோம்பேறி என்று எழுதிவிடுகிறார்கள். ஏரியா மாறியவர்கள் பேர் பட்டியலில் கிடப்பது முதற்கொண்டு அதற்குப் பல காரணம் உண்டு, வரிசை ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனவர்களும் அந்த 46 சதவீதத்துக்குள் இருக்கிறார்கள், அவர்களைச் சோம்பேறி என்று சொன்னால் அது அநியாயம்.

வெளி ஏற்பாடுகள் அரைகுறை. சாமியானா வராந்தாவுக்கு முன்னால் கொஞ்ச தூரம் மட்டும், அதாவது ஏற்கெனவே நிழல் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில். மதில் ஓரமாக நின்றவர்களுக்கு ஏப்ரல் வெயில் நேராகத் தலையில். தண்ணீர் இருந்தது, டம்ளர் ஒன்றுதான் இருந்தது. சரிவுப் பாதையும் சக்கர நாற்காலியும் இருந்தன, தள்ளிக்கொண்டு போக இரண்டு மாணவர்கள் ஓடி ஓடி வேலை செய்தார்கள், அவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். கழிப்பறை பூட்டியிருந்தது, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. இவ்வளவு நேரம் நிற்க வைக்கிற இடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை என்றால் மற்ற வசதியெல்லாம் எதற்கு? செல்போன் கொண்டு போகக் கூடாது என்று வாசலில் சொன்னார்கள், வைக்க இடம் கிடையாது. தனியாக வந்தவர்கள் முன்பின் தெரியாதவர் கையில் போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள், சிலர் வீட்டில் வைத்துவிட்டு வரப் போய் வரிசையில் இடத்தை இழந்தார்கள். போன் வைக்க வாசலில் ஏற்பாடு செய்வதாக 2025இல் ஆணையம் சொல்லியிருக்கிறது. அது நடந்தால் ஒரு பெரிய தலைவலி தீரும்.

வயதானவர்கள் விஷயம் பாதி நன்றாக இருந்தது. 85 வயதைத் தாண்டியவர்களும், 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள மாற்றுத்திறனாளிகளும் 12டி படிவம் கொடுத்தால் அலுவலர்கள் வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்கிப் போகிறார்கள். எங்கள் மாடியில் இருக்கிற தாத்தா அப்படித்தான் போட்டார், அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. ஆனால் என் அம்மாவுக்கு 78. முட்டி வலி, பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது. அவருக்கு வீட்டில் போடும் வசதி கிடையாது. அந்தக் காவலர்தான் பார்த்துவிட்டு, "அம்மா நீங்க வரிசையில நிக்காதீங்க, இப்படி வந்து உக்காருங்க" என்று அழைத்துப் போய் முன்னால் விட்டார். பின்னால் நின்ற ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. முதியவர்களுக்கு முன்னுரிமை உண்டு என்பது வாசலில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்க வேண்டிய விஷயம், ஒரு நல்ல மனிதர் அங்கே டியூட்டியில் இருந்ததால் எங்களுக்குக் கிடைத்தது.

வேறு ஊர்களிலும் இதே கதைதான். அதே 2024இல் ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 26 அன்று, கேரளத்தின் வடகரையில் சில சாவடிகளில் இரவு 11 மணி தாண்டியும் ஓட்டுப்பதிவு நடந்தது. ஆறு மணிக்கு வரிசையில் இருப்பவர்களுக்குக் கடைசி ஆளிலிருந்து ஆரம்பித்துச் சீட்டு கொடுத்துவிடுவார்கள், அதற்கப்புறம் புதிதாக யாரும் சேர முடியாது, சீட்டு வாங்கிய எல்லோரும் எத்தனை மணி ஆனாலும் போடலாம். இந்த விதி எனக்கு ரொம்பப் பிடித்தது, வந்தவனைத் திருப்பி அனுப்பாத விதி. ஆனால் ஆறு மணிக்குச் சீட்டு வாங்கி 11 மணிக்குப் பட்டனை அழுத்துகிறவரை ஓட்டு உரிமை கிடைத்துவிட்டதே என்று சமாதானப்படுத்தக் கூடாது. அமெரிக்காவில் 2012 தேர்தலில் மணிக்கணக்கில் வரிசை நின்று பெரிய பேச்சானது, அதிபர் ஒரு குழு போட்டார், அந்தக் குழு 2014இல் யாரும் அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தது. அங்கே அது எல்லா ஊரிலும் நடக்கிறதா என்பது வேறு. 2016 தேர்தலை செல்போன் தரவை வைத்து ஆராய்ந்தவர்கள், கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் காத்திருப்பு 29 சதவீதம் அதிகம் என்று கண்டுபிடித்தார்கள். குறைந்தபட்சம் அங்கே அளந்து பார்த்திருக்கிறார்கள். நம் சாவடியில் எத்தனை ஓட்டு பதிவானது என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மேலே சொல்கிறார்களே, வரிசையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? 2025 டில்லி தேர்தலில் வரிசை நிலவரத்தை வீட்டிலிருந்தே பார்க்க ஒரு செயலி விட்டார்கள். அந்த எண்களைச் சேர்த்து வைத்தாலே எந்தப் பாகத்தைப் பிரிக்க வேண்டும் என்பது அடுத்த தேர்தலுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

மதிப்பெண் கேட்டால் இப்படிப் போடுவேன். அலுவலர்களுக்கு ஐந்துக்கு ஐந்து. மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை, அதற்கும் ஐந்து. வெளி வசதிக்கு இரண்டு, அதுவும் அந்த மாணவர்களுக்காக. காத்திருப்புக்கு ஒன்றுதான் போட மனசு வருகிறது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். முந்தின நாளே இணையத்தில் உங்கள் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், போனில் வைத்திருந்தால் உள்ளே எடுத்துப் போக முடியாது. பள்ளிக்குள் போனதும் வரிசையைப் பார்த்து நின்றுவிடாமல் அறை வாசலில் இருக்கிற பாகம் எண்ணைப் பாருங்கள், எங்கள் வரிசையில் முக்கால் மணி நேரம் நின்ற ஒருவருடைய பேர் அந்தக் காலியான அறையில்தான் இருந்தது. ஏழு மணிக்கே போய்விட்டால் சீக்கிரம் முடியும் என்று எல்லோரும் நினைப்பதால் ஏழு மணிக்குத்தான் கூட்டம். மேலே சொன்ன மாநிலக் கணக்கிலேயே 1 மணியிலிருந்து 3 மணி வரைதான் பதிவு குறைவு, சாப்பாட்டு நேரம், வெயிலும் அதிகம். குடை எடுத்துக்கொண்டு அந்த நேரத்தில் போக முடிந்தவர்கள் போகலாம். வயதானவர்கள், கைக்குழந்தையோடு வருகிறவர்கள் வாசலில் நிற்கிற காவலரிடம் நேராகப் போய்ச் சொல்லுங்கள், முன்னுரிமை உங்களுக்கு உண்டு, கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

இன்னொன்று, இதைத்தான் நிறையப் பேர் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். தேர்தலுக்கு முன்னால் சாவடிகளைத் திருத்தி அமைக்கும்போது வரைவுப் பட்டியல் வெளியிட்டு ஆட்சேபம் கேட்பார்கள், கட்சிக்காரர்களைக் கூப்பிட்டுக் கூட்டமும் நடக்கும். இதை நடத்துகிறவர் மாவட்டத் தேர்தல் அலுவலர், மற்ற மாவட்டங்களில் ஆட்சியர்தான் அவர், சென்னையில் மாநகராட்சி ஆணையர். எங்கள் குடியிருப்பில் ஒரு மனு தயார் செய்திருக்கிறோம். எங்கள் பாகத்தின் எண், அதில் சேர்ந்த அடுக்குமாடிகளின் கதவு எண்கள், 2021இல் இருந்த தனிச் சாவடி, 2024இல் நின்ற நேரம், எல்லாம் அதில் இருக்கிறது. பாகத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும், அல்லது இரண்டாவது மேசையில் கூடுதலாக ஒருவரைப் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். உங்கள் பூத்திலும் இதே நிலைமை என்றால் பாகம் எண்ணோடும் நின்ற நேரத்தோடும் நீங்களும் எழுதிக் கொடுங்கள். உங்கள் பகுதி வாக்காளர் பட்டியலைக் கவனிக்கிற பி.எல்.ஓவிடம் (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) கேட்டால் வரைவுப் பட்டியல் எப்போது வருகிறது என்று சொல்வார்.